கப்பல் கிடந்த இடத்தின் படம்

மலாய் நாட்டின் அவசர காலத்தில் நான் சுவா ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். வயது இருபத்து நான்கு. கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் சேர்ந்த புதிதில்தான் தொழிலாளர் குடியிருந்த லயன்களைச் சுற்றி இரட்டை முள்வேலி போட்டு, கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தினார்கள். காட்டில் பதுங்கிப் போராடிய கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. காலையில் பெண்களின் பால் வாளிகளைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில், கடலுக்கடியில் கிடந்த ஒரு பழைய கப்பலை அளந்து படம் வரைகிற வேலையில் நான் சேர்ந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. முழுக் கதையையும் அவர்களுக்கு நான் சொன்னதும் இல்லை.

தொடங்கியவர் எங்கள் சின்ன துரை. உதவி மானேஜர். போரின்போது கடற்படையில் மூழ்காளராக இருந்தவர். ஒருநாள் மலாய் மீனவர் ஒருவர், தன் வலையில் சிக்கிய ஜாடி ஒன்றை அவரிடம் காட்டக் கொண்டுவந்தார். கழுத்து உடைந்து, உடம்பெல்லாம் சிப்பி அப்பிய ஜாடி. துரை அதைச் சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னார். பிறகு ஒரு அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார். தட்டச்சு செய்தவன் நான். கீழே ஒரு மரக்கப்பல் புதைந்திருக்கலாம், வந்து பாருங்கள் என்பது கடிதத்தின் சாரம். நாட்டு நிலைமையில் ஆள் அனுப்ப வழியில்லை, எதையும் தூக்கி எடுக்க வேண்டாம், எது எங்கே கிடக்கிறது என்று அளந்து படம் வரைந்து அனுப்பினால் போதும் என்று பதில் வந்தது.

துரை ஆள் தேடினார். ஞாயிற்றுக்கிழமை வேலை, சம்பளம் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மேற்பார்வை மண்டோர் அறிவித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர்தான் போனோம். நான் போனதற்குக் காரணம் நீச்சல் தெரியும் என்பது மட்டும் இல்லை. துரைக்கு நல்ல பிள்ளையாக இருந்தால் பின்னால் உதவும் என்ற எண்ணமும் இருந்தது. இன்னொருவர் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துப் போகப்பட்டு, உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் ஏன் வந்தார் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

பயிற்சி கடலில் தொடங்கவில்லை. தோட்டத்துப் பந்துத் திடலில் தொடங்கியது. துரை அங்கே ஒரு பழைய சைக்கிள், நாலைந்து பலகைகள், பால் வாளிகள், ஒரு உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் தாறுமாறாகப் போட்டு, எங்கள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டார். கையில் ஒரு கயிறு. அரை அடிக்கு ஒரு முடிச்சு, பத்து முடிச்சுக்கு ஒரு பெரிய முடிச்சு. கண் கட்டியபடியே தவழ்ந்து போய், ஒவ்வொரு பொருளும் நட்டுவைத்த இரண்டு குச்சிகளிலிருந்து எத்தனை முடிச்சுத் தூரத்தில் இருக்கிறது என்று தடவி எண்ண வேண்டும். எதையும் நகர்த்தக் கூடாது. பிறகு கட்டை அவிழ்க்காமல் வேலி ஓரத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே அவிழ்த்துவிட்டதும், திரும்பிப் பார்க்காமல் காகிதத்தில் வரைய வேண்டும். லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிராணி முட்டிபோட்டு வாளியைத் தடவுவதைப் பார்க்க அவர்களுக்கு வேறு எப்போது வாய்க்கும்.

நான் வரைந்த முதல் படத்தில் சைக்கிள் நாற்காலிக்கு மறுபக்கம் இருந்தது. அந்தத் தொழிலாளிக்கு வரையத் தெரியாது, ஆனால் எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் எழுதினேன். இரண்டு குச்சிகளிலிருந்தும் அளவு வைத்துக் கோடு போட்டால் ஒவ்வொரு பொருளும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. துரை தாளையும் திடலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இனி இவர் அளப்பார், நீ வரைவாய் என்றார். நானும் இறங்கிப் பார்க்க வேண்டும், வரைகிறவனுக்கு அந்த இடம் உடம்பில் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அடுத்து தோட்டத்துத் தண்ணீர்த் தேக்கத்தில் இரண்டு மாதம். எங்களிடம் இருந்தது தலையில் கவிழ்க்கிற செம்புத் தொப்பி ஒன்று. முன்பக்கம் கண்ணாடி, உச்சியில் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் கையால் அடிக்கும் காற்றுப் பம்பு. மேலே ஒருவர் பம்பு அடிக்க, கீழே ஒருவர் மூச்சு விடுவார். இடுப்பில் ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் காற்று வேண்டும், மூன்று என்றால் தூக்கு. துரை இதை மட்டும் நூறு தடவை செய்யவைத்தார்.

கடலில் முதல் தடவை இறங்கியபோதுதான் கண்ணைக் கட்டியதன் காரணம் புரிந்தது. எங்கள் கடல் கலங்கல். ஐந்து பாகம், முப்பது அடி ஆழம்தான், ஆனால் கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியாது. காலுக்குக் கீழே சேறு முழங்கால்வரை வாங்கியது. தடவிக்கொண்டே போனபோது ஒரு மரத்தூண் போல ஏதோ கையில் பட்டது. அதிலிருந்து சரிவாக இன்னொன்று, பிறகு இன்னொன்று. கப்பலின் விலா எலும்புகள். அவற்றுக்கு நடுவே ஜாடிகள், வாயோடு வாய் ஒட்டி, யாரோ அடுக்கிய அதே வரிசையில். ஒன்றின் வாய்க்குள் கையை விட்டேன். உள்ளே சேறு குளிர்ந்திருந்தது. பயத்தில் கையை எடுத்துக்கொண்டேன். அதை அடுக்கியவர்கள் எல்லோரும் அங்கேயே செத்திருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு அதுவரை வரவில்லை.

படகு அந்த மீனவருடையது. கரையிலிருந்து புறப்பட போலீஸ் பாஸ் வேண்டும். துரை கூட இருந்ததால் கிடைத்தது. சோறு கொண்டுபோக முடியாததால் பசியோடுதான் வேலை. படகில் ஒரு மாற்றம் நடந்தது. தோட்டத்தில் நான் அந்தத் தொழிலாளியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், நீ என்றுதான் பேசுவேன். கிராணிகள் அப்படித்தான் பேசினோம். அவர் என்னைக் கிராணியாரே என்பார். படகில் ஏறி இரண்டாவது வாரமே நான் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், அவர் தம்பி என்றார். கரை இறங்கியதும் இரண்டு பேரும் பழையபடி மாறிக்கொள்வோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஒருநாள் குழாய் ஒரு விலாக்கட்டையில் சுற்றி மடங்கிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு கனத்தது, சேற்றில் அதிக நேரம் நின்றதால் என்று நினைத்தேன். கயிற்றை இழுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மேலே பம்பு அடித்துக்கொண்டிருந்தவர் அவர். கைப்பிடி கனக்கிறது என்று கண்டுபிடித்து, நான் இழுக்காமலேயே என்னைத் தூக்கிவிட்டார். படகில் கிடந்து இருமிக்கொண்டிருந்தபோது என் முதுகைத் தேய்த்துவிட்டார். அன்றைக்குத்தான் நான் அவரிடம் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சயாம்ல பாலம் கட்டறப்ப ஆத்துல இரும்பு விழுந்துரும், எறங்கி எடுக்கச் சொல்லுவான் ஜப்பான்காரன்" என்றார். "மேல இருந்தா அடி. தண்ணிக்குள்ள அடி விழாது தம்பி. மூச்சு இருக்கற வரைக்கும் ஒருத்தனும் தொட முடியாது. நா முடிஞ்ச மட்டும் கீழயே இருந்துருவேன். அந்தப் பழக்கம் விடல."

அளவுகள் சேரச் சேரப் படம் வளர்ந்தது. துரையின் பெரிய நோட்டில் நான் மையால் வரைந்தேன். ஜாடிகள் வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், பக்கத்தில் அடிக்கணக்கு. இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதற்குக் கரை அடையாளங்களையும் குறித்தோம். கடலிலிருந்து பார்த்தால் குன்றின் மேல் மானேஜரான பெரிய துரையின் பங்களாக் கொடிமரமும் அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இடதுபுறம் ரப்பர் தகடுகளைப் புகைபோடும் கட்டடத்தின் புகைக்கூண்டு, கரையோரப் பாறைக்கு நேர் மேலே தெரிய வேண்டும். இரண்டும் அமைந்த இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே கப்பல்.

ஒரு ஞாயிறு அவர் தனக்கும் ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். நீங்களும் துரையும் எங்கேயாவது மாறிப்போய்விட்டால் எனக்கு அந்த இடம் தெரிய வேண்டாமா என்றார். அவர் விரலால் அளந்தது அது, என் கையால் வரைந்தது. ஆபீஸ் தாள் ஒன்றில் நகல் எடுத்துக் கொடுத்தேன். பழக்கத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். பங்களா, தொட்டி, புகைக்கூண்டு, அம்புக்குறிகள், வட்டங்கள், எண்கள். கப்பல் என்ற சொல்லை மட்டும் எங்கும் எழுதவில்லை. நாங்கள் மூன்று பேரும் அறிந்ததை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, எட்டு மணி இருக்கும், சின்ன துரையின் காரைத் தோட்டத்துப் பாதை வளைவில் காட்டிலிருந்து வந்தவர்கள் சுட்டார்கள். கூட இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அங்கேயே இறந்தார். துரைக்கு வயிற்றிலும் தோளிலும் குண்டு. நினைவில்லாமல் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் லாரிகளில் போலீஸ் வந்து லயன்களில் வீடு வீடாகச் சோதனை போட்டது. என்னோடு கடலில் இறங்கியவர் வீட்டில் தகர டப்பாவில், அடையாளக் கார்டோடு மடித்து வைத்திருந்த அந்தத் தாள் கிடைத்தது.

போலீஸ் மொழிபெயர்ப்பாளர் அன்று வேறு தோட்டத்தில் இருந்தார். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று ஆபீசுக்கு ஆள் வந்தது. பெரிய கிராணி தனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார், என்னை அனுப்பினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மருந்து கட்டும் அறையில் அவரை வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், மலாய் இன்ஸ்பெக்டர் ஒருவர். மேஜையில் என் படம். என் எழுத்து. அவரை முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததை நான் பார்த்தேன். அதை நினைக்கும்போதுதான் இன்றும் எனக்குத் தூக்கம் கெடும்.

இது என்ன என்று கேட்கச் சொன்னார் அதிகாரி. கேட்டேன். கடலில் கப்பல் கிடக்கிற இடம் என்றார் அவர். சொன்னேன். வட்டங்கள் என்ன? ஜாடி. அதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். காட்டில் புதைத்த அரிசி டின்களுக்கு இப்படித்தான் எண் போடுவார்கள் என்றார். மானேஜர் பங்களாவுக்கு ஏன் அம்புக்குறி என்று அதிகாரி கேட்டார். விளக்கினேன், அவர் சொன்னதைவிட நன்றாகவே விளக்கினேன். அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உடனே, அவர் அப்படிச் சொல்கிறார் என்று சேர்த்துக்கொண்டேன்.

இதை வரைந்தது யார் என்று கேள் என்றார் அதிகாரி.

"இத யாரு வரஞ்சதுன்னு கேக்கறாரு" என்றேன். "சொல்லு."

நீ என்றுதான் பேசினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சின்ன தொரை வரஞ்சு குடுத்தாரு."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். சாயங்காலம் அவரை லாரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். கேட்டருகே நின்றார். என்னைத் தாண்டித்தான் லயத்துக்குப் போக வேண்டும், என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டார். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றேன்.

எட்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. துரை கண் விழித்தால் அவரே சொல்லிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி, வேலை, வீடு, என் அடையாளக் கார்டு, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டேன். காரணங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மீனவரை விசாரித்தார்கள் என்றும், துரையை மீன்பிடிக்க மட்டும்தான் கூட்டிப்போனேன், வேறொன்றும் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து மனைவி கேட்டாள். எட்டாம் நாள் சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நாளைக்கே போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் போர்ட்டிக்சன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அந்த அதிகாரியைப் பார்த்தேன். படம் என்னுடையது என்றேன். துரையின் அறையில் நோட்டு இருக்கிறது, அதிலும் என் எழுத்துதான் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"அன்றைக்கு அந்த அறையில் நின்று மொழிபெயர்த்தவன் நீதானே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

என்னை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நோட்டு கிடைத்தது. துரைக்கு நினைவு திரும்பி, இரண்டு பேருக்காகவும் சாட்சி சொன்னார். மூன்றாம் நாள் என்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவரை விடவில்லை. நான் பேசியதால் வந்த வினை அது. நான் உண்மையைச் சொன்னதும், துரை வரைந்தார் என்று அவர் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. ஒரு பொய் சொன்னவன் இன்னும் எதை மறைக்கிறான் என்று கேட்டார்கள். படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு மானேஜர் பங்களா குறித்த படம் எதற்கு என்று கேட்டார்கள். அந்த இடத்தை அறிந்திருக்க ஆசைப்பட்டார் என்று நான் சொன்னேன். அது அவர்களுக்கு ஒரு பதிலாகவே படவில்லை. முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் அவர் பொய் சொல்லவேண்டியே வந்திருக்காது. பதினோரு மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். குழந்தை அதற்குள் பிறந்து, தவழ ஆரம்பித்திருந்தது. லயத்து வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொண்டதால் அவர் மனைவி கோலா சாவாவில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கடலுக்குப் போகும் பாஸ் யாருக்கும் மறுபடி கொடுக்கவில்லை. துரை ஊருக்குப் போய்விட்டார். நோட்டை அனுப்பிவைக்கச் சொல்லி எனக்கு இரண்டு கடிதம் எழுதினார். போலீசிலிருந்து அது திரும்பி வரவே இல்லை. நானும் அந்தத் தோட்டத்தை விட்டு நீலாய்ப் பக்கம் வேறு வேலைக்கு மாறிக்கொண்டேன்.

அவர் முகாமிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோலா சாவாவுக்குப் போனேன். அங்கே ஒரு தோட்டத்தில் அவருக்குத் தண்ணீர் வடியும் கான் வெட்டும் வேலை கிடைத்திருந்தது. வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். வாங்க கிராணியாரே என்றார். அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தவன் கூப்பிடாமல் உட்கார்ந்தேன்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"ஒங்களக் காப்பாத்தணும்னு நா அப்படிச் சொல்லல" என்றார் கடைசியில். "தொரை பேரச் சொன்னா விட்டுருவான்னு நெனச்சேன். வெள்ளக்காரன் பேரு இல்லையா. நீங்க அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேரயும் விட்டிருப்பான், இல்ல ரெண்டு பேரயும் புடிச்சிருப்பான். எனக்குத் தெரியல லா. முகாம்ல படுத்துக்கிட்டு நெறய யோசிச்சுட்டேன். இப்ப யோசிக்கறதில்ல."

அவர் மனைவி கறுப்புக் காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பியபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதை முனைவரை என்னோடு நடந்து வந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"அவரு மன்னிச்சிட்டாருன்னு நெனச்சிட்டுப் போயிராதீங்க கிராணியாரே" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அவரு யாரையும் எதுத்துப் பேசமாட்டாரு. நீங்க மறுபடி வந்தாலும் காப்பி குடுப்போம். ஆனா நா மன்னிக்கல. அத நீங்க தெரிஞ்சுக்கணும்."

சரிம்மா என்றேன். குழந்தை என் சட்டைப் பேனாவைப் பிடிக்கக் கையை நீட்டியது. அவர் அதன் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். பஸ் வரும்வரை அங்கேயே நின்றார். நான் ஏறிய பிறகுதான் திரும்பி நடந்தார்.

அடுத்த ஆண்டு மறுபடி போனேன். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. மனைவியின் அண்ணன் குடும்பமும் அவர்கள் கூடவே போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டத்துக்கு என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.